எந்த மஞ்சள்? மலைமேல் தொட்டிக்கு ஆப்பிரிக்க சிக்லிட் வாங்குமுன்

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஊதா வெளிச்சத்தில் ஒரு கடைத் தொட்டி, அதற்குள் கண்டபடி ஓடும் மஞ்சள் குஞ்சுகள், கண்ணாடியில் அவனுடைய செல்போனே தெரிந்து பாதி மீனை மறைத்திருந்தது. "மாமா, யெல்லோ லேப்னு சொல்றாங்க. பத்து எடுத்துக்கவா? பஸ்ஸுக்கு நேரமாச்சு." நான் எழுதினேன்: "எடுக்காதே. வெறுங்கையோட ஏறி வா. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தா பேசலாம்." ஒரு வாரம் பையன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் வந்தான், காபி குடித்தான், பேசினோம். யெல்லோ லேப் என்பது ஆப்பிரிக்க சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் ஒன்று, அதில் எதை வாங்கலாம் என்று அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இதே கேள்வியை வேறு நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் மஞ்சள் வேண்டும், நீலம் வேண்டும், தொட்டி மூன்றடி.

கீழே இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. தப்பான மீன் வந்துவிட்டால் மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுக்கலாம். நமக்கு மேட்டுப்பாளையம் வரை இறங்கவே 33 கிலோமீட்டர் கொண்டையூசி வளைவுகள், அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூர் ரோடு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஒரு தடவை ஏற்றிக்கொண்டு வந்த மீன் நம் மீன்தான், சாகும்வரை. அதனால் மலைமேல் இருப்பவர் சிக்லிட் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது "அழகா இருக்கா" என்பதல்ல, "இந்த வயசிலேயே இது என்னன்னு என்னால் உறுதியாச் சொல்ல முடியுமா" என்பது. கலவை, பீகாக், யெல்லோ லேப், சவுலோசி என்ற நான்கு வழிகளையும் நான் தராசில் வைத்தது இந்த ஒரு கல்லை மறுபக்கம் போட்டுத்தான்.

ஏன் இவ்வளவு குழப்பம் என்று முதலில் பார்த்துவிடலாம். நம் கடைகளில் "ஆப்பிரிக்கன்" என்று விற்பதில் பெரும்பங்கு மலாவி ஏரிக்காரர்கள். மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்றும் சுற்றி நிற்கிற ஏரி அது. நீளம் 580 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய, ஆழம் 700 மீட்டர் அளவுக்கு. அதற்குள் சிக்லிட் மட்டுமே 800 இனங்களுக்குக் குறையாது என்று கணக்கு, அதில் பெயர் வைக்காதவையே ஏராளம். அந்த மீன்களில் பாறையை ஒட்டி வாழும் கூட்டத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் ம்புனா. ம்புனா பிறந்த பாறையை விட்டு நகராது. நடுவில் ஒரு மணல் திட்டு வந்தால் அதைத் தாண்டி அடுத்த பாறைக்குப் போகாது. ஆக ஒரே இனம் ஒரு பாறையில் மஞ்சள், அடுத்த பாறையில் வெள்ளை, அதற்கும் அடுத்ததில் வால் மட்டும் மஞ்சள். நமக்கு இது புதிதல்ல. நீலகிரிச் சோலையில் கத்துகிற சிரிப்பான் வேறு, பழனி மலையில் கத்துகிறது வேறு, நடுவில் பாலக்காட்டுக் கணவாய். அங்கே கணவாய்க்குப் பதில் இருநூறு மீட்டர் மணல், அவ்வளவுதான்.

அதனால் "நிறவகை" என்பதில் மூன்று விதம் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் பிரியும். ஒன்று, இடத்தால் வருவது. அசெய் என்று ஒரு மீன், ஊதா உடம்பு. ம்சுலி பக்கத்து அசெய்க்கு வால் மஞ்சள், ங்காரா பக்கத்து அசெய்க்கு வால் வெள்ளை. இரண்டும் ஏரியே செய்த வேலை. இரண்டாவது, பண்ணைக்காரர் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது, வெள்ளை உடம்பும் சிவந்த கண்ணுமாக வரும் அல்பினோ மாதிரி. மூன்றாவது, இரண்டு இனத்தைக் கலந்து வந்தது. கடையில் மூன்றுக்கும் ஒரே மாதிரி பளபளப்பான பெயர்தான். எது எந்த விதம் என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

சரி, முதல் வழி: கலவை. "மிக்ஸ் ஆப்பிரிக்கன்" என்று ஒரு தொட்டி எல்லாக் கடையிலும் இருக்கும், இரண்டு விரல்கடை நீளக் குஞ்சுகள், எதை எடுத்தாலும் ஒரே விலை. இருப்பதிலேயே மலிவு இதுதான், கண்ணுக்கும் இதுதான் விருந்து. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், பத்து வருடத்துக்கு முன்னால், பன்னிரண்டு குஞ்சு. அதில் இரண்டு மட்டும் தனியாகத் தெரிந்தன. எலுமிச்சை மஞ்சள் உடம்பு, மூக்கிலிருந்து வால் வரை நீளவாக்கில் கறுப்புக் கோடு, கோட்டின் ஓரத்தில் வெள்ளை. இதைவிட அழகான மீனை அதுவரை நான் பார்த்ததில்லை. விற்றவரிடம் பெயர் கேட்டேன், "எல்லாமே ஆப்பிரிக்கன்தாண்ணா" என்றார். ஐந்தாறு மாதத்தில் இரண்டில் ஒன்று கறுக்க ஆரம்பித்தது. மஞ்சளாக இருந்த இடம் கறுப்பு, கறுப்பாக இருந்த இடம் வெளிர். பழைய ஃபிலிம் ரோலில் நெகட்டிவைத் தூக்கிப் பார்ப்பது போல, அதே மீன், தலைகீழ் நிறம். நோய் என்று நினைத்து உப்பெல்லாம் போட்டேன். அது நோயில்லை, மெலனோக்ரோமிஸ் ஆராட்டஸ் ஆண் பருவத்துக்கு வந்த லட்சணம். அடுத்த ஆறு வாரத்தில் மூன்றடித் தொட்டியில் அதுவும் அதன் பெட்டையும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரே ஒரு மீனும்தான் மிச்சம். ம்புனாவிலேயே மூர்க்கத்துக்குப் பேர்போனது அது என்று அப்புறம்தான் படித்தேன்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட முதல் அடையாள விதி, இன்றுவரை கைவிடாதது: கோடு நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று பாருங்கள். முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பட்டை என்றால் ஜீப்ரா கூட்டம் (ரெட் ஜீப்ராவும் அதன் உறவுக்காரரும்), டெமசோனி, சவுலோசி ஆண் என்று பல இருக்கலாம், நிதானமாக யோசிக்கலாம். மூக்கிலிருந்து வாலுக்கு ஓடும் கோடு என்றால் மெலனோக்ரோமிஸ் அல்லது அதன் உறவுக்காரர். மூன்றடித் தொட்டிக்காரர் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர வேண்டும். கலவையில் இன்னொரு வேடிக்கை, "ஜிராஃப்" என்று தரும் புள்ளிக் குஞ்சு. அது நிம்போக்ரோமிஸ் வெனுஸ்டஸாக இருந்தால் 25 சென்டிமீட்டர் வரை வளரும், அதுவும் மற்ற மீன்களை வாய்க்குள் போட்டுக்கொள்கிற ஜாதி. கலவை வேண்டாம். விலை குறைவு என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம் கழித்து எஞ்சிய மீனின் தலைக்கு எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வழி, பீகாக் என்று விற்கும் மலாவி சிக்லிட். இதைத்தான் பையன் முதலில் கேட்டான், யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள், ஆண் பீகாக் ஒன்று வெளிச்சத்தில் திரும்பினால் நாம் வைத்திருக்கும் மற்ற மீனெல்லாம் மண் மாதிரி தெரியும். ஆனால் அடையாளம் என்று வந்தால் இதைப் போல ஏமாற்றும் குடும்பம் இல்லை. அவ்லோனோகாரா என்பது பேரினத்தின் பெயர், அதில் இருபது இனம் போல உண்டு; ஸ்டுவார்ட்கிராண்டி என்ற ஒரே இனத்துக்குள்ளேயே ஊருக்கு ஒரு நிறம். ஆண்களை வைத்துப் பிரிக்கலாம். பெட்டைகள் எல்லாம் ஒரே சாம்பல், ஒரே மங்கல் பட்டை, எந்த இனத்துப் பெட்டை என்று பல வருடம் வளர்த்தவரே சத்தியம் செய்து சொல்ல மாட்டார். பெட்டையை அடையாளம் தெரியாத இடத்தில் கலப்பு தானாகவே நடக்கும். கடையில் ஆரஞ்சும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒரு பீகாக் விற்கிறார்களே, ஓபி பீகாக் என்று, அது ஏரியில் இல்லாத மீன். அந்தத் திட்டு ஜீப்ரா கூட்டத்தின் சொத்து, பீகாக்குக்குக் கலப்பில் வந்தது.

அந்தத் திட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜீப்ரா கூட்டத்தில் ஆரஞ்சுத் திட்டு பெரும்பாலும் பெட்டைக்குத்தான் வரும், ஆணுக்கு அபூர்வம். 2009இல் சயன்ஸ் இதழில் இதற்குக் காரணம் வந்தது: அந்த நிறத்தைத் தரும் மரபணு, குஞ்சு பெட்டையாகப் பிறப்பதைத் தீர்மானிக்கும் பகுதிக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்குத் தன் இனத்துப் பெட்டையைக் கவர அதன் வழக்கமான நீலம் வேண்டும், திட்டு வந்தால் கல்யாணம் நடக்காது. பெட்டைக்கோ பாறையில் மறைந்துகொள்ள அந்தத் திட்டு உதவும். அதனால் நிறமும் பெண்மையும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. ஆக, திட்டோடு பளபளக்கும் ஆண் பீகாக்கைப் பார்த்தால் அது எங்கே பிறந்தது என்று யோசிக்கவே வேண்டாம், பண்ணையில். அழகாக இல்லை என்று சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு "என்னிடம் இன்ன இனம் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ள முடியாது, குஞ்சு வந்தால் அதற்குப் பெயர் கிடையாது.

பீகாக்கில் இன்னொரு பொறி: நிறம் ஏற்றிய குஞ்சு. ஆண் பீகாக் ஆறேழு சென்டிமீட்டர் வரும்போதுதான் மெல்ல மெல்ல நிறம் பிடிக்கும். நாலு சென்டிமீட்டரில் ஒரு தொட்டி முழுக்க, ஒன்று விடாமல், பெரிய ஆணைப் போல் ஜொலித்தால் தீனியில் ஹார்மோன் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த சில வாரத்தில் வெளுக்கும், அதில் பாதி பெட்டையாகவும் இருக்கும். உண்மையான தொட்டி எப்படி இருக்கும் என்றால் பத்தில் ஒன்றிரண்டு மட்டும் லேசாக நீலம் பிடித்திருக்கும், மற்றதெல்லாம் எலிக்குட்டி நிறம். அந்தத் தொட்டியை நம்பலாம், ஆனால் அந்தத் தொட்டியைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. நாலடித் தொட்டியும் நிறம் முழுதாக வந்த ஆண்களை ஒவ்வொன்றாக வாங்கப் பணமும் இருந்தால் பீகாக் எடுங்கள், பெட்டையே வேண்டாம், குஞ்சுத் தொல்லையும் இல்லை. பையனிடம் இரண்டும் இல்லை.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். கடை மொழியில் யெல்லோ லேப், எலக்ட்ரிக் யெல்லோ இரண்டும் ஒன்றுதான், லேபிடோக்ரோமிஸ் கெருலியஸ். இந்தப் பெயரை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கெருலியஸ் என்றால் லத்தீனில் நீலம். மஞ்சளுக்கு நீலம் என்று பெயர் வைத்தது குடிபோதையில் அல்ல. 1956இல் ஃப்ரையர் என்பவர் இந்த இனத்தை விவரித்தபோது அவர் கையில் இருந்தது ங்காட்டா பே பக்கத்து மீன், அங்கே இது வெள்ளையும் இளநீலமுமாகத்தான் இருக்கும். உலகம் முழுக்கத் தொட்டிகளில் உள்ள மஞ்சள், அதே ஏரிக் கரையில் வேறு ஓர் இடத்தில் வாழும் நிறவகை. ஒரு மீனின் நிறத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா!

லேப் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றே: குஞ்சிலேயே அடையாளம் காட்டிவிடும். மூன்று நாலு சென்டிமீட்டர் வந்ததும் முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் பட்டை ஓடும், துடுப்பின் முன்முனையில் தொடங்கிக் கடைசி வரை, மை தொட்டு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. வளர வளர வயிற்றுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் கறுப்பு ஏறும். மூக்கு கொஞ்சம் கூர், வாய் சின்னது. தொந்தரவு குறைந்த மீன், மூன்றடியில் எட்டு வைக்கலாம், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை போகும்.

குறை என்ன? கலப்படம். இதோடு ஒரே தொட்டியில் ரெட் ஜீப்ரா, அதாவது மேலாண்டியா எஸ்தரே, இருந்தால் இரண்டும் சேரும். சேர்ந்து வரும் குஞ்சும் மஞ்சள், அதுவும் யெல்லோ லேப் என்றே விற்கும். (மேலாண்டியா என்றும் மெட்ரியாக்லிமா என்றும் இரண்டு பெயர் பார்த்துக் குழம்பாதீர்கள். ஒரே கூட்டத்துக்கு 1984இல் ஒரு பெயர், 1997இல் இன்னொரு பெயர், சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.) கலப்புக் குஞ்சில் அந்தக் கறுப்புப் பட்டை விட்டு விட்டு, அழிரப்பர் போட்டு அழித்தது போல் இருக்கும், சிலதில் சுத்தமாக இருக்காது. மஞ்சளில் ஆரஞ்சு அடிக்கும், நெற்றி மொண்ணையாக இறங்கும், பக்கவாட்டில் பார்த்தால் தோலுக்கு அடியில் பட்டை நிழலாடும். ஒரு எச்சரிக்கை, இந்தக் கடைசி அடையாளத்தை வளர்ந்த ஆணுக்குப் போடாதீர்கள். சுத்தமான லேப் ஆணே வீறாப்பில் இருக்கும்போது முகமும் வயிறும் கரி பூசினாற்போல் ஆகும், மங்கலாகப் பட்டையும் தெரியும். நான் ஒரு நல்ல ஆணை இந்தச் சந்தேகத்தில் பக்கெட்டில் நாலு நாள் வைத்திருந்து அவமானப்பட்டவன்.

பையன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அன்றைக்கே. எட்டு மீனின் முதுகுத் துடுப்பு தெரிந்தது, ஆறில் கறுப்பு இல்லை. ஊதா விளக்கில் கறுப்பு தெரியாமல் போகுமா என்றால், மங்கலாகும், ஆனால் இரண்டில் தெரிந்திருக்கிறதே. ஒன்று, ஆறும் கலப்பு, இல்லை இரண்டு வேறு இனம் ஒரே தொட்டியில். எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்றேன்.

ரெட் ஜீப்ராவையும் இதிலேயே முடித்துவிடுகிறேன், நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1995இல் விவரித்த இனம். பெயர் ரெட், ஆனால் இயல்பான ஆண் வெளிர் நீலம், பெட்டைதான் ஆரஞ்சு. ஆணும் ஆரஞ்சாகவே இருக்கும் வழி ஒன்றும் கடையில் வரும். குஞ்சில் அடையாளம் எளிது, இயல்பான ஜோடியின் குஞ்சுகள் பிறந்ததிலிருந்தே ஆரஞ்சு ஒரு பக்கம் சாம்பல் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அடாவடி லேபை விட அதிகம், உருவமும் பெரிது. மூன்றடிக்கு ஒத்துவராது.

மிச்சமிருப்பது சவுலோசி. 1990இல் சூடோட்ரோஃபியஸ் என்று பெயர் வைத்தார்கள், 2016இல் சிண்டோங்கோ என்று மாற்றினார்கள், பழைய ஆட்கள் இன்னும் பழைய பெயரில்தான் கேட்பார்கள். ஏரியில் தைவான் பாறை என்ற ஒரே இடத்தில் வாழ்கிறது. பெட்டை மஞ்சள், ஆண் நீலத்தில் கறுப்புப் பட்டை. அதாவது ஒரே இனத்தை வாங்கினால் தொட்டியில் இரண்டு நிறம், இரண்டு இனம் மாதிரியே இருக்கும். எட்டு ஒன்பது சென்டிமீட்டரோடு நின்றுவிடும். தொட்டியில் வேறு இனமே இல்லை என்பதால் கலப்புக்கு இடமில்லை, வருகிற குஞ்சை நிமிர்ந்து நின்று இன்னாருடைய பிள்ளை என்று சொல்லி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். மூன்றடிக்கு இதைவிடப் பொருத்தமான ம்புனா எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் ஏன் நேராக இதையே சொல்லவில்லை? நான் மேலே வைத்த கல் இங்கேதான் இடிக்கிறது. சவுலோசிக் குஞ்சுகள் ஆணும் பெட்டையும் எல்லாமே மஞ்சள், துடுப்பில் லேபுக்கு இருப்பது போன்ற கறுப்புப் பட்டை கிடையாது. கறுப்பில்லாத மஞ்சள் குஞ்சு என்றால் சவுலோசியாகவும் இருக்கலாம், லேப்-ஜீப்ரா கலப்பாகவும் இருக்கலாம். நாலைந்து சென்டிமீட்டரில் ஆண்கள் நீலத்துக்கு மாறினால்தான் நிச்சயம். அதுவரை நம்பிக்கை மட்டும்தான். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப் இருக்கிறதே என்று பையன் கேட்டான். நான் சோதித்துப் பார்த்தவரை மஞ்சளாக எதைக் காட்டினாலும் அது யெல்லோ லேப் என்கிறது, ஒரு தடவை ஸ்பாஞ்சையும் சொல்லும் போலிருந்தது.

ஆக சவுலோசிக்கு ஒரே வழி, தாய் தகப்பனைப் பார்ப்பது. கடையில் அது முடியாது, வீட்டில் வளர்த்துக் குஞ்சு எடுக்கிறவரிடம்தான் முடியும். வாயில் முட்டையோடு தாடை உப்பி நிற்கும் பெட்டை, பக்கத்தில் பட்டை போட்ட நீல ஆண், அதே தொட்டியில் வேறு மஞ்சள் எதுவும் இல்லை, இந்த மூன்றும் ஒரே வீடியோவில், வெட்டாமல். மூன்று வாரம் வாயில் அடைகாக்கும் மீன் இது, ஆகவே அப்படி ஒரு பெட்டையைக் காட்டுவது நிஜமாக வளர்ப்பவருக்குக் கஷ்டமில்லை. காட்டத் தயங்கினால் லேபுக்கு வந்துவிடுங்கள், கறுப்புப் பட்டையைப் பார்த்து ஒவ்வொரு மீனாக விரல் நீட்டி எடுங்கள், "கலந்து போடுங்க" என்று சொல்லாதீர்கள். இரண்டையும் சேர்த்து வைக்கலாமா என்றால் கூடாது, மஞ்சளும் மஞ்சளும் குழம்பும், மீனுக்கும் நமக்கும்.

எதை எடுத்தாலும் அடையாளம் பார்க்க ஒரு முறை உண்டு. கடையின் ஊதா விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மீன் பயந்து துடுப்பை மடக்கினால் காத்திருங்கள், இரண்டு மீன் ஒன்றையொன்று முறைக்கும் அந்த ஒரு நொடியில் முதுகுத் துடுப்பு விசிறி மாதிரி விரியும், பட்டை முழுதாகத் தெரியும். பையில் போட்டு மலை ஏறி வந்த மீனை அன்றைக்கே பார்த்து முடிவு சொல்லாதீர்கள், பயணத்தில் எல்லாமே வெளுத்திருக்கும். இரண்டு வாரம் கழித்து, வெள்ளை வெளிச்சத்தில், கண்ணாடிக்கு நேராக.

நம் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். கீழே போர் தண்ணீர் கல் மாதிரி, நம் ஊற்றுத் தண்ணீர் மழைத்தண்ணீர் மாதிரி. மலாவி மீனுக்கு பிஎச் 7.8 முதல் 8.6 வரை வேண்டும். ஆனால் பலரும் நினைப்பது போல மலாவித் தண்ணீர் அத்தனை கடினமில்லை, ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான தாங்கனீக்காவின் தண்ணீரில்தான் உப்புக்கள் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் தாங்கனீக்கா மீன் எதையும் பையனுக்கு நான் சொல்லவே இல்லை, அதற்கு நம் ஊரில் ஒவ்வொரு தடவை தண்ணீர் மாற்றும்போதும் மருந்துக்கடை வேலை பார்க்க வேண்டும். மலாவிக்கு ஃபில்டரில் ஒரு பை உடைத்த கிளிஞ்சல், புதுத் தண்ணீர் 100 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, பெரும்பாலும் போதும். அந்த ஒரு ஸ்பூன் கார்பனேட் கடினத்தை (பிஎச் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் உப்பின் அளவை) இரண்டு டிகிரி போல உயர்த்தும், டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். புது மீனைத் தொட்டியில் விடும்போது பையில் இருக்கும் கீழ்நாட்டுத் தண்ணீரோடு நம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் கலந்து விடுங்கள்.

குளிருக்கு 24 முதல் 27 டிகிரி. மார்கழியில் என் முன்னறை விடியற்காலை 12க்கு இறங்கும். 150 லிட்டர் தொட்டிக்கு ஒரே ஹீட்டர் வைக்காமல் 150 வாட்ஸில் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று செத்தால் இன்னொன்று விடியும்வரை இழுத்துப் பிடிக்கும். மூன்று பக்கமும் அடியிலும் தெர்மக்கோல். இங்கே இன்னொன்று, 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். ம்புனாவை நெருக்கமாக வைக்கச் சொல்கிற சமவெளிக் கணக்கை அப்படியே மலைக்கு எடுக்காதீர்கள். மரம் விழுந்து கரண்ட் போகும் ராத்திரிக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். மீன் குளிரில் இருந்தால் நிறமும் மங்கும், அந்த நிலையில் பார்த்து இது கலப்பு, அது கலப்பு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அப்புறம், தப்பான மீன் வந்துவிட்டது என்று யாரும் ஓடையில் விடாதீர்கள். ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், 1952இல் இந்தியாவுக்குள் வந்தது, இன்று நம் ஊர்க் குளம் ஏரி எதில் இல்லை என்று சொல்லுங்கள்.

பையன் கடைசியில் சவுலோசிக்குப் போனான். நான் லேப்தான் சொன்னேன், அதுதான் பத்திரம். அவனுக்கு நீலம் வேண்டும், நாலு மாதம் காத்திருக்கத் தயார் என்றான். கோயம்புத்தூரில் வீட்டில் வளர்க்கும் ஒருவர் கேட்டதும் வீடியோ அனுப்பினார், உப்பிய தாடை, நீல ஆண், எல்லாம் சரி. பன்னிரண்டு குஞ்சு வந்தது. தை, மாசி இரண்டு மாதமும் பன்னிரண்டும் மஞ்சளாகவே இருந்தன, வாராவாரம் போன் செய்து "ஏமாந்துட்டேனா மாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நானும் உள்ளுக்குள் பயந்துதான் இருந்தேன், சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு படம் வந்தது. "மாமா, மூணு மீன் அழுக்கா ஆகுது. வாலுக்குப் பக்கத்துல சாம்பல் கோடு கோடா வருது. பூஞ்சைக்கு மருந்து வாங்கி வச்சிருக்கேன், ஊத்தட்டுமா?" பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த சாம்பலுக்கு அடியில் நீலம்.

"மருந்த மூடி வை. நாளைக்குக் கல்லு இன்னும் ரெண்டு வரிசை அடுக்கு, மூணும் அடிச்சுக்கும்."